நாயை வெளியே கட்டச் சொன்னால்: வழிகாட்டி நாயும் நுழைவுரிமையும்

“நீங்க வாங்க, நாயை மட்டும் வெளியால கட்டிட்டு வாங்க.” வழிகாட்டி நாயோடு கடை வாசலில் நிற்கும் விழிப்புலனற்ற ஒருவரிடம் சொல்லப்படும் வாசகம் இது. சொல்பவர் பெரும்பாலும் மரியாதையோடுதான் சொல்கிறார். ஆளை மறிப்பதாக அவர் நினைப்பதில்லை, நாயைத்தான் மறிப்பதாக நினைக்கிறார். சட்டத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாசகத்துக்குள் கிடக்கிறது. நாயை மறித்தால் ஆளை மறித்ததாகுமா? பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கு எழுத்தில் விடை உண்டு. இலங்கையில் அந்த விடையை வாதிட்டுத்தான் பெற வேண்டும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது யாருக்குத் தேவை என்ற கேள்வி நியாயமானது. சர்வதேச வழிகாட்டி நாய்ச் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி எதுவும் இலங்கையில் இல்லை. ஆகவே இங்கே சேணம் பூட்டிய நாயோடு வருபவர் அநேகமாகக் கடல் கடந்து வருபவர். லண்டனிலோ டொரொன்டோவிலோ மெல்பேர்னிலோ வாழும் கல்லடி, களுவாஞ்சிக்குடி, காரைதீவுக் குடும்பங்களின் பிள்ளையாக இருக்கலாம். அறுகம்பைக்கோ பாசிக்குடாவுக்கோ வரும் சுற்றுலாப் பயணியாகவும் இருக்கலாம். எண்ணிக்கை சிறிது. ஆனால் அவருக்காகப் பேசப்படும் அதே சட்டப்பிரிவுதான் வெள்ளைப் பிரம்போடு பஸ் ஏறும் ஏறாவூர்க்காரருக்கும், சக்கர நாற்காலியில் வங்கிக்கு வரும் அக்கரைப்பற்றுக்காரருக்கும் உரியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 16 லட்சம் பேர். பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம்.

நாய் என்ன வேலை செய்கிறது

சட்டத்துக்குப் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். வாசலில் நடக்கும் தகராறுகளில் பாதி, நாயின் வேலை இன்னதென்று தெரியாததால் வருகிறது.

வழிகாட்டி நாய் தன் எசமானை ஊர் தேடிக் கூட்டிப் போவதில்லை. எங்கே போவது, எந்தச் சந்தியில் திரும்புவது என்பதெல்லாம் ஆளின் தலைக்குள்தான் இருக்கின்றன. இடம், வலம், நேரே என்று அவர் கட்டளையிடுகிறார். நாய் தடைகளைச் சுற்றி அழைத்துச் செல்கிறது, நடைபாதை விளிம்பில் நிற்கிறது, படி வந்தால் நிற்கிறது, தலையில் இடிக்கக்கூடிய கிளையைத் தவிர்க்கிறது. வாகனம் வரும்போது “நேரே” என்று கட்டளை வந்தாலும் அசையாமல் நிற்பதற்கும் அது பழக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்படிய மறுப்பதும் அதற்குப் பயிற்சியின் ஒரு பகுதி. போக்குவரத்து விளக்கின் நிறத்தை நாய் வாசிப்பதில்லை. வாகன ஓசையைக் கேட்டு, தெருவைக் கடக்கும் நேரத்தை ஆள்தான் தீர்மானிக்கிறார்.

சேணத்தின் விறைப்பான கைபிடி வழியாக நாயின் ஒவ்வொரு அசைவும் ஆளின் கைக்குத் தெரிகிறது. வழக்கமாக இடது கையில். அந்தக் கைபிடியை விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்வது, நடக்கக்கூடியவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்வதைப் போன்றதல்ல. கண்ணாடியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து புத்தகம் வாசியுங்கள் என்பதைப் போன்றது. அதோடு, பயிற்சி பெற்ற நாயொன்றைத் தெருவோரம் தனியே கட்டி விட்டால் அது களவு போகலாம், கட்டாக்காலி நாய்களிடம் கடிபடலாம், வெயிலில் சுருண்டு விழலாம்.

போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காகத்தான் இந்த முறை ஒழுங்காகத் தொடங்கியது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1916இல், ஜெர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1929இலும் பிரித்தானியாவில் 1931இலும் பின்தொடர்ந்தன. நாய்களைப் பழக்குவதற்கு மாதங்கள் போதுமாயிருந்தன. வாசல்களைத் திறக்கும் சட்டங்கள் வரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. போரும் கண்ணிவெடியும் பார்வையைப் பறித்த கிழக்கு மாகாணத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல.

இலங்கைச் சட்டம் எங்கே நிற்கிறது

அடிப்படைச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள். முதலாவது தொழிலுக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் பாரபட்சத்தைத் தடுக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது. பொதுமக்கள் நுழையக்கூடிய அல்லது பயன்படுத்த உரித்துள்ள எந்தக் கட்டடத்திலும் இடத்திலும், கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இயலாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவரைப் பொறுப்புக்கோ மட்டுப்பாட்டுக்கோ நிபந்தனைக்கோ உள்ளாக்கக் கூடாது என்பது அதன் சாரம். இது அரச கட்டடத்தோடு நிற்பதில்லை. சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, விடுதி, தனியார் மருத்துவமனை எல்லாம் இதற்குள் வரும்.

“நிபந்தனை” என்ற அந்தச் சொல்லை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். “நாயை வெளியே கட்டினால் உள்ளே வரலாம்” என்பது நிபந்தனைதான். வாதம் அங்கிருந்து தொடங்குகிறது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் பதிலும் எளிதில் ஊகிக்கக்கூடியது. “இயலாமையைக் காரணமாகக் கொண்டு நாங்கள் எதையும் விதிக்கவில்லை. நாய் யாருடையதாக இருந்தாலும் எங்கள் கடைக்குள் விடுவதில்லை. எல்லாருக்கும் ஒரே விதி.” இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியான பாரபட்சத்தைப் பேசுகிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்று தோன்றி, ஒரு கூட்டத்தாரை மட்டும் வெளியே நிறுத்திவிடும் மறைமுகப் பாரபட்சத்தைப் பற்றி அது தனியே எதுவும் சொல்வதில்லை. நியாயமான இசைவாக்கம், அதாவது ஒருவரின் இயலாமைக்கு ஏற்ப வழமையான விதியை நியாயமான அளவில் மாற்றிக்கொடுப்பது, என்ற கருத்தும் அதில் இல்லை. நாய் என்ற சொல்லே இல்லை.

இந்த ஓட்டையை அடைப்பதற்குக் கைக்கு எட்டும் கருவி ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். இலங்கை அதில் 2007 மார்ச் 30இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரி 8இல் ஏற்புறுதி அளித்தது. நியாயமான இசைவாக்கத்தை மறுப்பதும் பாரபட்சமே என்று அதன் 2ஆம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்கிறது. 9ஆம் உறுப்புரை கட்டடங்களில் வழிகாட்டிகள் உள்ளிட்ட உயிருள்ள உதவி வடிவங்களை வழங்கச் சொல்கிறது. நடமாட்டம் பற்றிய 20ஆம் உறுப்புரையும் அதே உதவியைக் குறிப்பிடுகிறது. வழிகாட்டி நாய் இந்தச் சொற்றொடருக்குள் அடங்கும் என்று வாதிடத் தடையில்லை. ஆனால் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தான கணத்திலேயே உள்நாட்டுச் சட்டமாகிவிடும் நாடல்ல இலங்கை. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். அதுவரை, 23ஆம் பிரிவின் “நிபந்தனை”யை எப்படிப் பொருள்கொள்வது என்று நீதிமன்றத்துக்குக் காட்டும் விளக்காகத்தான் சமவாயம் பயன்படும்.

அரசியலமைப்பை நம்பிப் போகிறவர்கள் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கிடங்கள், தம் சமய வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதைப் பற்றிப் பேசும் 12(3)ஆம் உறுப்புரை நமக்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றும். அது காக்கும் காரணங்களோ இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவை. இயலாமை அந்த நிரலில் இல்லை. ஆகவே 12(1)ஆம் உறுப்புரையின் பொதுவான சமத்துவத்தை எடுக்க வேண்டும். 12(4) மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கிறது. அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை.

2006 ஒக்டோபர் 17இன் அதிவிசேட வர்த்தமானியில் வெளிவந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் உண்டு. புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று, அணுகல் உரிமைச் செயற்பாட்டாளர் அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27இல் கட்டளையிட்டது. பெரிய வெற்றிதான். என்றாலும் அந்த விதிகளின் கண் சாய்தளம், கதவகலம், கைப்பிடி, கழிவறை என்று கட்டடத்தின் மேல் இருக்கிறது. வாசற்காவலரின் வாயைப் பற்றியதல்ல.

அவுஸ்திரேலியாவின் ஒரு வாசகம்

இலங்கைச் சட்டத்தில் எது குறைகிறது என்பதை அவுஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டு இயலாமைப் பாரபட்சச் சட்டம் துல்லியமாகக் காட்டுகிறது. அதன் 8ஆம் பிரிவு, உதவி விலங்கு வைத்திருப்பதை இயலாமை இருப்பதைப் போலவே நடத்தச் சொல்கிறது. “நாயைத்தான் மறித்தேன், ஆளை மறிக்கவில்லை” என்ற வாதம் அங்கே வாயிலேயே செத்துவிடும். ஒரு பிரிவு, ஒரு வாசகம். இவ்வளவுதான் நம்மிடம் இல்லாதது.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சேவை வழங்குவோர் நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. டாக்சிகளுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சாரதி நாயை ஏற்ற வேண்டும், பயணியோடு இருக்க விட வேண்டும், மேலதிகக் காசு கேட்கக் கூடாது. மறுத்தால் 1,000 பவுண் வரை தண்டம். விலக்குப் பெற ஒரே வழி மருத்துவக் காரணம், அதற்கும் உரிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சமயக் காரணம் விலக்காகாது.

ஐக்கிய அமெரிக்காவில் வாசலில் நிற்பவர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். இந்த நாய் இயலாமை காரணமாகத் தேவைப்படுகிறதா? எந்த வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? அடையாள அட்டை கேட்கக் கூடாது, நோயை விசாரிக்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லக் கூடாது. வேறொரு வாடிக்கையாளருக்கு நாய் பயம் என்பதோ ஒவ்வாமை என்பதோ மறுக்கக் காரணமாகாது. நாய் கட்டுக்கடங்காமல் போய், உரியவர் அடக்காவிட்டாலோ, உள்ளே அசுத்தம் செய்தாலோ நாயை வெளியேற்றலாம். அப்போதும் ஆளுக்குச் சேவையை மறுக்கக் கூடாது.

நம்மவர் பலர் வாழும் ஒன்ராறியோவில் வேறு முறை. அங்குள்ள விழிப்புலனற்றோர் உரிமைச் சட்டத்தின்படி சட்டமா அதிபரின் அடையாள அட்டையைப் பெறலாம். மறிப்பவருக்கு 5,000 டொலர் வரை தண்டம். அட்டை இருப்பதில் ஒரு வசதி உண்டு, வாசலில் வாக்குவாதம் குறையும். ஒரு கெடுதியும் உண்டு. எடுத்துக்காட்டச் சொல்லும் பழக்கம் வளர்ந்து, உரிமை ஆளிடமிருந்து அட்டைக்குப் போய்விடும். இலங்கையில் சட்டம் எழுதும்போது அட்டை முறையைத்தான் அதிகாரிகள் விரும்புவார்கள் என்று நினைக்கிறோம். அப்படியானால் அட்டையை ஆதாரமாக வைக்கலாம். நுழைவதற்கான நிபந்தனையாக வைக்கக் கூடாது.

வாசலில் நிற்கும்போது

வெளிநாட்டிலிருந்து வருபவர் நான்கு தாள்களை ஒரே உறையில் வைத்திருப்பது நல்லது. பயிற்சிப் பள்ளியின் கடிதம், நாயின் படத்தோடு கூடிய அடையாள அட்டை, விசர்நோய்த் தடுப்பூசி அட்டை, இவற்றின் சாரத்தைச் சொல்லும் ஒரு பக்கத் தமிழ், சிங்கள விளக்கம். அம்பாறை மாவட்டத்தில் கரையோரம் தமிழ் போதும். அம்பாறை நகரிலும் உகணையிலும் சிங்களம் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். இந்தத் தாள்களைச் சட்டம் கேட்கவில்லை. காவலருக்கு உதவத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் தன் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். “தம்பி, எனக்குக் கண் தெரியா. இது வளக்கிற நாயில்ல, எனக்கு வழி காட்டுற நாய். மேசைக்குக் கீழ படுத்திருக்கும், ஒருத்தரையும் தொடாது.” மூன்று தகவல்கள், பிறகு மௌனம். சட்டப்பிரிவு எண்ணை முதல் மூச்சிலேயே சொன்னால் எதிரில் நிற்பவர் வழக்குக்குப் பயந்து, “முதலாளி இல்லை” என்று ஒதுங்கிவிடுவார். கடைக்காரர் சொல்லும் மறுமொழி அநேகமாக “நாங்க ஒண்டும் சொல்லல்ல, வாற ஆக்கள் பேசுவாங்க” என்பதாக இருக்கும். அதற்கும் விடை உண்டு: ஓர மேசை ஒன்றைக் கேளுங்கள். சுவரோரம், ஆட்கள் நடக்கும் வழிக்கு எதிர்ப்பக்கம், நாய் முழுவதாக மேசைக்குள் அடங்கும் இடம். வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது மிதிப்பார்கள், அந்த ஒரு குரைப்பு அடுத்த பத்துப் பேருக்கான வாசலை மூடிவிடும்.

மறுத்துவிட்டால், அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டியவை: நாள், நேரம், கடையின் பெயர், சொன்னவரின் பொறுப்பு, அவர் சொன்ன சொற்கள் அப்படியே. கூட இருந்தவரின் பெயரும் வேண்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வைப்பது விழிப்புலனற்றவருக்கு எழுதுவதை விட எளிது. பொறுப்பாளரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார், கேட்டீர்கள் என்பதே பின்னர் பயன்படும்.

அடுத்து, மறித்தவர் யார் என்று பார்க்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு. அரச மருத்துவமனை, பிரதேச செயலகம், கச்சேரி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், புகையிரதம் என்றால் அது நிறைவேற்று, நிர்வாகச் செயல். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடலாம். கால எல்லை ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அவசர இலக்கம் 1996; சட்டம் வந்த ஆண்டும் அதுதான் என்பதால் மறக்காது.

தனியார் கடையோ விடுதியோ என்றால் அடிப்படை உரிமை வழக்கு பொருந்தாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவாகப் போக வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மேல் நீதிமன்றங்கள் உள்ளன. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொண்டு போனால் வேலை இலகுவாகும். இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு வந்தவர் இத்தனையும் செய்வாரா என்றால், அநேகமாகச் செய்யமாட்டார். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

சாப்பாட்டுக் கடை, ஓட்டோ, கோயில், பள்ளிவாசல்

சாப்பாட்டுக் கடைக்காரர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காட்டிப் பயப்படுவார். பயம் பொய்யல்ல, உரிமம் அவருடைய பிழைப்பு. ஆனால் சமைக்கும் இடமும் சாப்பிடும் இடமும் வேறு. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் உணவுச் சுகாதார விதி வீட்டு விலங்குகளைத் தடுக்கச் சொல்வது உணவு தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களில். வாடிக்கையாளர் உட்காரும் பகுதியில் உதவி நாய் இருக்கலாம். சமையலறை கண்முன்னே திறந்திருக்கும் நம் கொத்துரொட்டிக் கடைகளில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது சிக்கலான விஷயம்தான். கல்லுக்குப் பக்கத்து மேசையை விட்டு, தெருப்பக்க மேசையைக் கொடுப்பதே நடைமுறைத் தீர்வு.

ஓட்டோவில் நாய் இருக்கையில் ஏறாது. பின்னிருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் தட்டில் ஆளின் கால்களுக்கிடையே படுத்துக்கொள்ளும். முதலில் நாய், பிறகு ஆள். இறங்கும்போது முதலில் ஆள். மாறிச் செய்தால் கயிறு சிக்கும். பஸ்ஸில் சாரதிக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கைதான் சரி. நெரிசலில் நாயின் பாதம் மிதிபடுவது நிச்சயம் என்பதால், திருகோணமலை வீதியில் காலையும் மாலையும் ஓடும் தனியார் பஸ்களைத் தவிர்ப்பதே நாய்க்கு நல்லது. உரிமை இருக்கிறது என்பதற்காக நாயின் காலைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் மறுப்புக்கு மார்க்கக் காரணம் சொல்லப்படலாம். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) நாயின் எச்சிலும் ஈரமும் நஜீஸ், அதாவது அசுத்தம். பட்ட இடத்தை ஏழு முறை, ஒருமுறை மண்ணோடு, கழுவ வேண்டும். தொழுகைக்குப் போகும் வழியில் உள்ள ஓட்டோச் சாரதிக்கு இது உண்மையான கவலை. எளிய ஏற்பாடுகள் இந்தக் கவலையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். தட்டில் விரிக்க ஒரு துணியை நாய்க்காரரே கொண்டுவரலாம். நாயின் தலையைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளலாம். உலர்ந்த துணி, உலர்ந்த நாய். பள்ளிவாசலைப் பொறுத்தவரை ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், முஸ்லிம் ஷரீஆ கவுன்சில் மார்க்கத் தீர்ப்பு வழங்கிய பின், இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாய் பள்ளிவாசலின் முகப்பில் தங்க இடம் ஒதுக்கப்பட்டது. நாய் தொழும் மண்டபத்துக்குள் போகவில்லை. ஆள் போனார்.

கோயில்களிலும் அதே வழிதான் நல்லது. வைரவருக்கு நாய் வாகனம் என்பது வாதத்துக்கு இனிக்கும். ஆனால் மூலஸ்தானத்துச் சுத்தம் பற்றிய ஆகம நம்பிக்கையை அது கரைத்துவிடாது. மாமாங்கேஸ்வரர் கோயிலிலோ திருக்கோவிலிலோ திருவிழாக் கூட்டத்தில், பறை முழங்க, வெடி வெடிக்க, நாயால் வேலை செய்யவும் முடியாது. கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் முன்கூட்டியே பேசி, வெளிமண்டபத்தில் நிழலும் தண்ணீரும் உள்ள ஓரிடத்தைக் கேட்டு, உள்ளே உறவினர் ஒருவரின் தோளைப் பிடித்துப் போவது நடைமுறைக்கு உகந்தது. நீதிமன்றம் போனால் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். வழிபாட்டிடத்தில் வழக்கை முதலில் வைப்பது இந்த உரிமைக்கே தீங்கு என்பது எங்கள் எண்ணம். முதல் வழக்கு ஒரு வங்கியிலோ மருந்துக் கடையிலோ எழ வேண்டும்.

மருத்துவமனையில் எல்லை தெளிவு. வெளிநோயாளர் பகுதி, காத்திருக்கும் இடம், மருந்து வாங்கும் இடம் ஆகியவற்றுக்கு நாய் வரலாம் என்று கேட்பது நியாயம். சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு ஆகியவற்றுக்கு வரக் கூடாது. குமண, கல்லோயா போன்ற தேசியப் பூங்காக்களும் அப்படியே. அங்கே வனவிலங்குகளின் பாதுகாப்புத்தான் காரணம், அது சரியான காரணம்.

கொண்டுவருவதும் திரும்பிப் போவதும்

இலங்கைக்கு நாய் கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும். மைக்ரோசிப், விசர்நோய்த் தடுப்பூசி, புறப்படும் நாட்டின் அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் ஆகியவை அதற்குத் தேவை. விமானச்சீட்டு வாங்குமுன் அனுமதியைத் தொடங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது திரும்பும் பயணத்தில். நாய்களை இலகுவான விதிகளோடு ஏற்கும் நாடுகளின் பிரித்தானியப் பட்டியலில் இலங்கை இல்லாததால், இங்கிருந்து திரும்பும் நாய்க்கு விசர்நோய் எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை கட்டாயம். அளவு ஒரு மில்லி லீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்துத்தான் இரத்தம் எடுக்கலாம். இந்தப் பரிசோதனையை இலங்கைக்கு வந்தபின் செய்தால் அதிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். அதைப் புறப்படுமுன் அங்கேயே முடித்து எழுத்தில் பெற்றுவிட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை. நாடாப்புழு மருந்து பிரித்தானியாவை அடைவதற்கு 24 மணிக்குக் குறையாமலும் 120 மணிக்கு மேற்படாமலும் மிருக வைத்தியரால் கொடுக்கப்பட வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா போகும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஐக்கிய அமெரிக்காவும் இலங்கையை விசர்நோய் ஆபத்து மிகுந்த நாடாகவே வைத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் விதி இவற்றையெல்லாம் விட இறுக்கமானது. அங்கிருந்து வருபவர் திரும்பும் அனுமதியை எழுத்தில் பெறாமல் நாயோடு புறப்படவே கூடாது.

இங்கே வந்தபின் பெரிய தொல்லை சட்டமல்ல, தெரு. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்து மோப்பம் பிடிக்கும். வழிகாட்டி நாய் திருப்பித் தாக்கப் பழக்கப்பட்டதல்ல. கண் தெரிந்த ஒருவர் குடையோடு பின்னால் நடப்பது உதவும். புளியந்தீவின் பழைய தெருக்களில் நடைபாதை விளிம்பு சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. நாய் நின்று காட்டுவதற்குப் பழகிய அடையாளமே அந்த விளிம்புதான். அது இல்லாத ஒழுங்கைகளில் நாய் தயங்கும், மூடியில்லாத வடிகானருகில் முற்றாக நின்றுவிடும். இதை நாயின் பிழையாக எடுத்துக் கயிற்றை இழுக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் றோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாய் நடக்கவும் முடியாது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நடை. உண்ணிக்கு மாதாந்த மருந்து தவறக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் குளிர்நாட்டு நாயை விரைவாகக் கொண்டுபோய்விடும்.

பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைகள் துணைவிதிகள் இயற்றலாம். உணவகங்களும் விடுதிகளும் ஆண்டுதோறும் அவற்றிடம்தான் உரிமம் புதுப்பிக்கின்றன. பொத்துவில் பிரதேச சபையும், பாசிக்குடாவை உள்ளடக்கிய கோறளைப்பற்றுப் பிரதேச சபையும் சுற்றுலா வருமானத்தை நம்பியிருப்பவை. அவை தொடங்கலாம். உரிம நிபந்தனைகளில் சேர்க்க வேண்டிய வாசகம் இவ்வளவு நீளம்தான்: “இயலாமையுடைய ஒருவரோடு வரும், பயிற்சி பெற்ற உதவி நாயை, உணவு தயாரிக்கும் பகுதி தவிர்ந்த ஏனைய பொதுப் பகுதிகளில் அனுமதிக்க வேண்டும், அதற்கென மேலதிகக் கட்டணம் அறவிடக் கூடாது, நாய் கட்டுப்பாட்டை மீறினால் மட்டும் அதை வெளியேற்றக் கேட்கலாம்.”